கோண்டாவில் காணியும் இரண்டு சாட்சியும்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கும் இரண்டு பரப்புக் காணியை மருமகள் பேருக்கு நன்கொடை உறுதியாக, அதாவது காணிப் பத்திரமாக, எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் இந்த முறை ஊருக்குப் போனேன். ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். ஆறு நாள் போனது.

அப்பாவுக்கு உறுதி முடித்த நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி, எப்போதோ காலமாகிவிட்டார். அக்கா கூட்டிக்கொண்டு போனது ஓர் இளம் நொத்தாரிசிடம். 1993இல் எடுத்த, V எழுத்தில் முடியும் இலக்கம் கொண்ட என் பழைய அடையாள அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். மீசையும் தலைமயிரும் அட்டையோடு நின்றுவிட்டதை நான் எப்படி விளங்கப்படுத்துவது? கனடாக் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். சாட்சிக்கு வான் சாரதியையும் தங்கியிருந்த விடுதிப் பொடியனையும் காட்டினேன்.

"கோவிக்காதேங்கோ அண்ணை, உங்களைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த இரண்டு பேர் வேணும்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இல்லாமல் எழுதிய காணி உறுதி செல்லாது என்பது தெரியும். ஆனால் சாட்சி என்றால் கையெழுத்துப் போட ஆள் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். உறுதி எழுதிக் கொடுப்பவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாட்சிகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆள்மாறாட்டத்துக்குப் பூட்டே அதுதான்.

அவருடைய பிடிவாதத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அவர் பெயர், முத்திரை, இலக்கம் எல்லாம் போட்ட ஓர் உறுதி எங்கேயோ வெளியே வந்திருக்கிறது. அவர் எழுதாத உறுதி. காணிக்காரர் வெளிநாட்டில். முத்திரை வெட்ட ஒரு கடை போதும்தானே. பொலிஸ் விசாரணைக்குக் கூப்பிட்டது கள்ளனை அல்ல, இவரை. காப்பாற்றியது அலுமாரியில் இருந்த பிரதி: மூலம் காணிக்காரருக்கு, இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு, மூன்றாவது நொத்தாரிசிடம். அந்த இலக்கத்தில் அவர் முடித்திருந்தது வேறொருவருடைய உறுதி. மாதாமாதம் பதிவகத்துக்கு அனுப்பும் பட்டியலிலும் அதுவே இருந்தது.

ரொறன்ரோவிலும் வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த நேரத்தில் அவர்போல் நடித்து வீட்டையே விற்றிருக்கிறார்கள். ஆகையால் "ஊர் கெட்டுப்போச்சு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இறந்துபோன நொத்தாரிசு பேரில் பொய் உறுதி தயாரிப்பது இன்னும் சுகமாம். கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் அப்பாவின் உறுதியையும் பதிவகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தோம். அதிலேயே மூன்று நாள் போனது, வரிசையில் நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். உறுதி சரியாக இருந்தது. கடைசியில் என் பள்ளிக்கூட வாத்தியாரும் பக்கத்து வீட்டு மாமியும் சாட்சி வைத்தார்கள். நொத்தாரிசு இடது பெருவிரல் அடையாளமும் வாங்கினார்.

புறப்படும்போது ஒன்று கேட்டார்: "உறுதியைப் படம் எடுத்து யாருக்காவது அனுப்பினீங்களோ?"

நான் பேசவில்லை. அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தோடும் சேர்த்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தேன். அதில் 43 பேர். கட்டுநாயக்காவில் விமானத்துக்குக் காத்திருந்தபோது எல்லாவற்றையும் அழித்தேன். ஐந்து நிமிடத்தில் மச்சான் பதில் போட்டார்: "ஏன் அழிச்சனீங்கள்? பரவாயில்லை, நான் சேவ் பண்ணி வச்சிருக்கிறன்."