3000 சொற்களால் எழுதப்பட்ட அகராதி: ஒரு யாழ்ப்பாண ஆங்கில ஆசிரியையின் மதிப்பீடு

கடந்த மாதம் என் மாலை வகுப்பிலுள்ள மாணவி ஒருவர், தன் சைக்கிளை எடுத்தவன் அயல்வீட்டுப் பையன்தான் என்ற தன் எண்ணத்தை ஆங்கிலத்தில் எழுத முற்பட்டு, 'ஐ டவுட் தட் ஹீ டுக் மை பைசிக்கிள்' என்று எழுதினார். அந்த வாக்கியத்தை வாசிக்கும் ஆங்கிலேயர், அந்தப் பையன் எடுத்திருக்கமாட்டான் என்று அவர் கருதுவதாகவே விளங்கிக்கொள்வார். அவர் எழுதியிருக்க வேண்டிய சொல் 'சஸ்பெக்ட்' என்று நான் சொன்னபோது, தன்னிடமிருந்த சிறிய ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் திறந்து காட்டி, "ரீச்சர், இரண்டுக்கும் 'சந்தேகி' என்றுதானே இருக்கிறது?" என்று கேட்டார். அவரிலும் பிழையில்லை, அந்த அகராதியிலும் பிழையில்லை. தமிழில் சந்தேகம் என்ற சொல் இரண்டு பக்கமும் சாயும். 'அவன் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டான் என்ற பக்கம். 'அவன்மேல்தான் சந்தேகம்' என்றால் அவன் செய்திருப்பான் என்ற பக்கம். ஆங்கிலம் இவ்விரண்டையும் வெவ்வேறு வினைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. ஒற்றைத் தமிழ்ச் சொல்லை எதிரே நிறுத்தி ஆங்கிலச் சொற்களைப் பாடமாக்குபவருக்கு இந்தப் பிரிவினை கடைசிவரை கண்ணில் படாது.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காக நான் நான்கு ஆண்டுகளாக வகுப்பில் பயன்படுத்திவருவது, ஒக்ஸ்போர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரியின் 2020ஆம் ஆண்டில் வெளியான பத்தாம் பதிப்பு. உயர்தரத்தைத் தமிழ் மொழிமூலம் படித்து முடித்துவிட்டு, விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறும் பல்கலைக்கழக பீடங்களுக்குச் செல்லக் காத்திருக்கும் மாணவர்களே என்னிடம் பெரும்பாலும் வருகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு அகராதி புதிய பண்டமன்று. 58,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதி 1842இலேயே இங்கு அச்சேறியது. 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் பேரகராதிக்கும் முதலில் கால்கோள் இட்டவர் யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த நைற் பாதிரியார். அதற்கும் முன்பு, திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டை மனனம் செய்த தலைமுறைகள் இங்கு வாழ்ந்திருக்கின்றன. நிகண்டின் வழி, ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களை ஒரே செய்யுளில் கோப்பது. செய்யுள் கற்பவருக்கும் இயற்றுபவருக்கும் அது பெருஞ்செல்வம். ஆயினும் ஒரு சொல் தன் அயற்சொல்லிலிருந்து எங்கே விலகுகிறது என்று காட்டுவது அதன் வேலை அன்று. நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைக் கொப்பியில் இரண்டு நிரலாக எழுதி, இடப்பக்கம் ஆங்கிலமும் வலப்பக்கம் தமிழுமாகப் பாடமாக்குவதைக் காணும்போதெல்லாம், அந்த நிகண்டு முறையே செய்யுளை இழந்து இங்கு வந்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அப்படியானால் ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் தரும் அகராதியைக் கொடுத்துவிடலாமே என்றால், அதில் வேறோர் இடர் இருக்கிறது. அந்த இடரைத் தொல்காப்பியர் உரியியலில் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: 'பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே.' ஒரு சொல்லின் விளக்கத்திலுள்ள சொல்லுக்கு விளக்கம் தேடி, அதற்கும் இன்னொன்று தேடிக்கொண்டு போனால் அதற்கு எல்லையே இராது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதியில், வலைப்பின்னலைக் குறிக்கும் 'நெட்வேர்க்' என்ற எளிய சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கம், அந்தச் சொல்லைவிடப் பலமடங்கு கடினமான இலத்தீன வழிச் சொற்களால் ஆனது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே அந்த விளக்கத்தில் இடறி விழுவார்; நம் மாணவர் என்ன செய்வார்?

இதற்குத் தீர்வு காணும் முயற்சி ஆசிய வகுப்பறைகளில் தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1935இல் எண்டிகொட் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட அகராதியில், 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களை மட்டும் கொண்டு விளக்கினார். அந்த 1,490 சொற்களை அறிந்தவருக்கு மீதி முழுவதும் திறந்துவிடும் என்பது அதன் உட்கருத்து. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹோர்ன்பி, தம் தோழர் இருவருடன் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் வெளிவந்து, 1948இல் ஒக்ஸ்போர்ட் பதிப்பாக மறுபிறவி எடுத்தது. இன்று என் மேசையில் இருக்கும் பத்தாம் பதிப்பு அதன் வழிவந்ததே. இதன் விளக்கங்கள் ஏறத்தாழ 3000 அடிப்படைச் சொற்களால் எழுதப்படுகின்றன. வரம்பில்லாத ஒன்றுக்கு வரம்பு கட்டிவிட்டார்கள். அந்த 3000 சொற்களில் பெரும்பகுதியை, மூன்றாம் ஆண்டிலிருந்து பாடசாலையில் ஆங்கிலம் படித்த நம் மாணவர்கள் ஏதோ ஒரு வகையில் முன்பே கண்டிருக்கிறார்கள். பேசத் தெரியாதவர்கூட வாசித்து விளங்கிக்கொள்வார்.

இனி, அந்த விளக்கங்கள் உண்மையில் எவ்வளவு பயன் தருகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். வகுப்பில் நான் முதலில் தேடச் சொல்வது 'ஷை', 'அஷேம்ட்', 'எம்பரஸ்ட்' என்ற மூன்று சொற்களை. மூன்றையும் நாம் வெட்கம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இந்த அகராதியின் விளக்கங்களை அடுத்தடுத்து வாசித்தால், முதலாவது பிறரோடு பழகத் தயங்கும் இயல்பு என்றும், இரண்டாவது தான் செய்த தவறுக்காக உள்ளம் குன்றுதல் என்றும், மூன்றாவது பிறர் முன்னிலையில் நேர்ந்த ஒன்றால் கூசிப்போதல் என்றும் மாணவர்களே பிரித்துச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒரு மாணவர், "அப்ப, பரீட்சையில் தோற்றதுக்கு நான் இவ்வளவு நாளும் 'ஷை' என்று எழுதினது பிழை, என்ன ரீச்சர்?" என்று தானே கண்டுகொண்டார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

'ரிலக்டன்ட்' என்ற சொல்லின் கதை இன்னும் எனக்குப் பிடித்தது. மாணவர்களின் கொப்பிகளில் அதற்கு எதிரே 'விருப்பமற்ற' என்று இருந்தது. அகராதி தரும் விளக்கமோ, ஒன்றைச் செய்ய மனம் ஒப்பாததால் செய்வதற்கு முன் தயங்குதல் என்ற பொருளில் அமைந்திருக்கிறது. அதாவது செய்யவே மாட்டேன் என்பதன்று. தயங்கித் தயங்கியும் செய்துவிடலாம். இதை வாசித்துவிட்டுப் பின்வரிசையிலிருந்த ஒருவர் "அரைமனதோடு" என்றார். எந்த இருமொழி அகராதியிலும் நான் காணாத, ஆனால் மிகப் பொருத்தமான தமிழ் அது. ஆங்கில விளக்கத்தின் வழியாகப் போனவர் திரும்பி வரும்போது செழிப்பான தமிழ்ச் சொல்லொன்றைக் கையோடு கொண்டுவருகிறார் என்பதை நான் இந்த அகராதியால்தான் கற்றேன். ஆங்கில அகராதி தமிழைக் கெடுத்துவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சொல்லின் பொருளோடு அதன் நடத்தையையும் காட்டுவது இந்த அகராதியின் இன்னொரு பலம். தமிழில் தகவல்கள், அறிவுரைகள், தளபாடங்கள் என்று தயக்கமின்றிப் பன்மை சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'இன்போமேஷன்', 'அட்வைஸ்', 'பேர்னிச்சர்' ஆகிய மூன்றும் எண்ணப்படாப் பெயர்கள். அவற்றுக்கு அருகே அதைக் குறிக்கும் ஓரெழுத்துக் குறியீடு இருக்கிறது. அவ்வாறே, 'ஒன்றைப் பற்றிக் கலந்துரையாடினோம்' என்ற நம் வாக்கியத்தின் 'பற்றி'யை அப்படியே கொண்டுபோய் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுவது நம்மிடையே வேரூன்றிவிட்ட பிழை. அந்த வினைக்குக் கீழேயுள்ள எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால், செயப்படுபொருள் இடையில் எதுவுமின்றி நேரே வந்து நிற்பது தெரியும். எடுத்துக்காட்டு வாக்கியங்களை வாசிக்காமல் விளக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு மூடுபவர், கொடுத்த விலையில் பாதியை வீணாக்குகிறார். முதன்மையான 3000 சொற்களுக்கும் அடுத்த கட்டத்து 2000 சொற்களுக்கும் சாவி அடையாளமும் தரநிலையும் இட்டிருப்பதால், எதை முதலில் கற்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற முடிவும் எளிதாகிறது.

குறைகளும் உண்டு. கண்ணால் காணும் பொருள்களின் பெயர்களுக்கு விளக்கம் என்ற கருவி பொருந்துவதில்லை. வெந்தயத்தின் ஆங்கிலப் பெயரைத் தேடும் மாணவருக்கு, அது விதைகள் சமையலுக்குப் பயன்படும் ஒரு செடி என்று எவ்வளவு தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாலும், எந்தச் செடி என்பது விளங்காது. 'வெந்தயம்' என்ற ஒரு சொல் அந்த இடத்தில் ஒரு பக்க விளக்கத்துக்குச் சமம். கீரி, நாரை, சீரகம், ஓரா மீன் என்று நம் வீட்டையும் கடலையும் சூழ்ந்த அனைத்துக்கும் இது பொருந்தும். ஆகவே ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் தூக்கி எறியும்படி நான் எவருக்கும் சொல்வதில்லை. பண்டங்களுக்கும் உயிரினங்களுக்கும் அது. உணர்வு, செயல், கருத்து ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்கு இது. இரண்டும் ஒரே மேசையில் இருக்கட்டும்.

எழுத்து மிகச் சிறியது என்பது அடுத்த குறை. மாலையில் மங்கிய வெளிச்சத்தில் வாசிப்பது எனக்கே கடினமாக இருக்கிறது. நூலின் பாரமும் பெரிது. புத்தகப்பையில் நாள்தோறும் சுமக்கத்தக்கதன்று. உச்சரிப்பைக் காட்டும் பன்னாட்டு ஒலிக்குறிகளை முன்பு கற்றிராதவர்களுக்கு அந்தப் பகுதி முழுவதும் பயனற்றுப் போகிறது. அதற்காக ஒரு வார காலம் ஒதுக்கிக் கற்பித்தேன். கற்றவர்கள் இப்போது எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: நகரத்தில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது என்று நான் முதலில் வாங்கிய பிரதி, நகல் எடுத்து அச்சிட்டது. நிறங்கள் இல்லை, சாவி அடையாளங்கள் மங்கிப்போயிருந்தன, சில பக்கங்களில் வரிகள் ஓரத்தில் வெட்டுண்டிருந்தன. ஓர் அகராதியின் பயனில் பெரும்பங்கு அதன் சிறு அடையாளங்களில்தான் இருக்கிறது. அவை அழிந்தால் விலை குறைந்ததால் வந்த ஆதாயமும் அழிந்துவிடும். கடையில் நின்றபடியே நான்கைந்து பக்கங்களைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பணம் இடந்தராதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தப் பதிப்பகத்தின் இணையத்தளத்தில் அதே விளக்கங்களைக் கட்டணமின்றி வாசிக்கலாம். பிரித்தானிய, அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் காதால் கேட்கலாம். ஒலிக்குறி தெரியாதவர்களுக்கு உண்மையில் அதுவே மேல். ஆனால் கைப்பேசியில் தேடுபவர் தேடிய சொல்லை மட்டும் கண்டுவிட்டு வெளியேறிவிடுகிறார். தாளில் தேடுபவரின் கண்ணில், மேலும் கீழும் நிற்கும் உறவுச் சொற்களும் படுகின்றன. என் வகுப்பில் ஒரு வேர்ச்சொல்லின் பெயர், வினை, பெயரடை ஆகிய வடிவங்களைச் சேர்த்து நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தாளில் தேடியவர்களே.

இதே வகையில் வேறு இரண்டையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். 1978இல் முதன்முதலில் வெளிவந்த லோங்மன் அகராதி, ஏறத்தாழ 2000 சொற்களுக்குள்ளேயே விளக்கங்களை அடக்கிவிடுகிறது. ஆங்கில அடிப்படை நலிந்திருக்கும் மாணவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். 1987இல் தொடங்கிய கோபில்ட் அகராதி, 'ஒருவர் இப்படிச் செய்தால் அவர் இன்னது செய்கிறார்' என்ற பாங்கில் முழு வாக்கியமாகவே விளக்கம் தருகிறது. பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் சொல்லித்தருவது போன்ற இதம் அதில் இருக்கிறது. இவ்விரண்டையும் மதித்தும், பல்கலைக்கழகத்துக்குப் போகவிருப்பவருக்கு ஒக்ஸ்போர்டையே நான் தேர்வதற்குக் காரணம், ஒரே பொருள் போலத் தோன்றும் சொற்களை அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டும் அதன் கட்டக் குறிப்புகள்.

சாதாரண தரத்துக்குக் கீழேயுள்ள பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கு இது பெருஞ்சுமை, வெறுப்பும் வந்துவிடும். அதற்கு மேலுள்ளவர்களுக்கு நான் வகுத்திருக்கும் நடைமுறை இது: நாளுக்கு 5 சொற்கள், அதற்கு மேல் வேண்டாம், விளக்கத்தையும் எடுத்துக்காட்டுகளையும் வாசித்துவிட்டு அகராதியை மூட வேண்டும், பிறகு கொப்பியில் அந்தச் சொல்லின் பொருளைத் தமிழில் ஒரு முழு வாக்கியமாகவும், தன் வீட்டிலோ ஊரிலோ நடந்த ஒன்றைப் பற்றி அந்தச் சொல்லை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகவும் எழுத வேண்டும். சைக்கிளைப் பறிகொடுத்த மாணவியின் கொப்பியில் இப்போது 'சஸ்பெக்ட்' என்ற சொல்லுக்கு எதிரே, 'ஆதாரம் கையில் இல்லாவிட்டாலும், இப்படித்தான் நடந்திருக்கும் என்று மனம் சொல்லுதல்' என்று இருக்கிறது. ஒன்பதாம் பதிப்பை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பத்தாம் பதிப்புக்காகப் புதிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. இந்த நடைமுறைக்கு அதுவே போதும்.