ஃபோர்ட்டிகேட் 60எஃப்: வாங்கும் முன் கீழ்வரியைப் படியுங்கள்

அலுவலக வலையமைப்பைக் காக்கும் இந்த ஃபயர்வால் பெட்டியின் விவரத்தாளில் கண்ணில் படும் எண் நொடிக்கு 10 கிகாபிட். சில வரிகள் தள்ளி 700 மெகாபிட் என்று இருக்கிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் நம் அலுவலகத்துக்கு எது பொருந்தும் என்று கடைக்காரர்கள் சொல்வதில்லை.

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் இருக்கும் எங்கள் சரக்கு நிறுவனத்தின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. டிரேட்நெட் வழியாகச் செய்யும் சுங்க அனுமதி விண்ணப்பங்கள், ஸ்கேன் செய்த ரசீதுகள், வீடியோ அழைப்புகள் எல்லாம் இந்தப் பெட்டியைக் கடந்துதான் போகின்றன.

அந்த 10 கிகாபிட், 1518 பைட் யுடிபி பாக்கெட்டுகளை, அதாவது பெரிய தரவுத் துண்டுகளை, வைத்து அளந்தது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடும் வேலை அது. பெட்டியில் உள்ள தனிச் சிப்பே அதை முடித்துவிடும். பாக்கெட் சிறியதானால் கதை மாறுகிறது. 1 கிகாபிட் லைனில் பெரிய பாக்கெட்டுகள் நொடிக்குச் சுமார் 81,000 வரும். 64 பைட் பாக்கெட்டுகளோ ஏறத்தாழ 14.88 லட்சம். ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டும். அதனால்தான் 64 பைட்டுக்கு விவரத்தாளே 6 கிகாபிட் என்கிறது.

உள்ளடக்கத்தைச் சோதிக்கத் தொடங்கினால் வேகம் இன்னும் இறங்கும். துவாஸ் சோதனைச்சாவடியில் லாரியின் எண்ணைப் பார்த்து அனுப்புவதும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்ப்பதும் ஒன்றாகுமா? ஊடுருவல் தடுப்பை இயக்கினால் 1.4 கிகாபிட். செயலிக் கட்டுப்பாடும் சேர்ந்தால் 1 கிகாபிட். தீநிரல் (மால்வேர்) சோதனையும் சேரும்போதுதான் அந்த 700 மெகாபிட். எச்டிடிபிஎஸ் எனும் மறையாக்கப்பட்ட இணையப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கான எண் தனி வரியில் இருக்கிறது: 630 மெகாபிட், அதுவும் ஊடுருவல் தடுப்பு மட்டும் இயங்கும்போது. இணையத்தில் பெரும்பகுதி மறையாக்கப்பட்டுவிட்ட காலத்தில் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

என் மாமாவின் கிளினிக்குக்கு ஒரு விற்பனையாளர், "10 கிகாபிட் லைனுக்கு 10 கிகாபிட் ஃபயர்வால், சரியான ஜோடி" என்று இதையே பரிந்துரைத்தார். எனக்குக் கடும் கோபம் வந்தது. இதில் உள்ள எல்லா போர்ட்டும் 1 கிகாபிட்தான்! 10 கிகாபிட் லைனை இணைய இணைப்புக்கான ஒரு வான் (WAN) போர்ட்டில் செருகினால் 1 கிகாபிட்டுக்கு மேல் உள்ளேயே நுழையாது. தேசிய அகண்ட அலைவரிசையை 10 கிகாபிட்டுக்கு உயர்த்த 100 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி வரை செலவிடப்போவதாகத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2024இல் அறிவித்தது. நல்ல திட்டம். சிறு வணிகர்கள் அந்த எண்ணை நம்பித் தவறான பெட்டி வாங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

எங்களைப் போன்ற சிறிய அலுவலகத்துக்கு 60எஃப் நல்ல பெட்டி. மின்விசிறி இல்லை, சத்தமும் இல்லை. பதிவுகளை உள்ளேயே சேமிக்க வட்டு வேண்டுமென்றால் 61எஃப் எடுங்கள். எல்லாச் சோதனைகளையும் இயக்கி, 1 கிகாபிட் லைனை முழுதாக நிரப்பும் அளவுக்கு வேலை இருந்தால் இது போதாது. பெரிய மாடலுக்குப் போய்விடுங்கள்.

விலை கேட்கும்போது ஆண்டுச் சந்தாவையும் சேர்த்துக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் தீநிரல் பட்டியல் புதுப்பிக்கப்படாது. மாமாவுக்கு வந்த விலைப்பட்டியலில் அந்த வரியே இல்லை.