அம்மாவின் அரிப்பும் மெடிக்கல் கடை ட்யூபும்: மதுரைப் பயண அனுபவம்

லண்டனில் இருந்து கோடையில் மதுரைக்குப் போயிருந்தேன். அம்மாவின் தோல் பிரச்சினைக்காக மெடிக்கல் கடைக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் அலைய வேண்டியிருந்தது. வயதான அம்மா அப்பாவை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் எல்லோருக்கும் இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கத்திரி வெயிலும் வியர்வையும் சேர்ந்து மார்புக்கு அடியில், தோல் மடிப்பில், சிவந்து நசநசவென்று ஆகியிருந்தது. இடம் அப்படி என்பதால் போனில் ஒரு நாளும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அத்தை சொன்ன ட்யூபை மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் போட்டு வந்திருக்கிறார். "நல்லாத்தான்டி கேக்குது, விட்டாத்தான் திரும்ப வருது" என்றார். திரும்ப வரும்போதெல்லாம் முன்பைவிட அகலமாக வந்திருக்கிறது.

அந்த ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் நான்கு மருந்துகள்: க்ளோபெட்டசால், ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபின். இதில் முதலாவது, பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. பூசியதும் அரிப்பும் சிவப்பும் அடங்குவதற்கு அதுதான் காரணம். அங்கே தோலின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து அடங்குவதால், அரிப்புக்குக் காரணமான பூஞ்சைக்கு நல்ல வசதி. பூசுவதை நிறுத்தியதும் எல்லாம் கிளம்பி வருகிறது.

இப்படி ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பல ஸ்டீராய்டு க்ரீம்களை 2018இல் மத்திய அரசு தனியாக அறிவித்தே இந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கடையில் போய்க் கேட்டேன். "எல்லாரும் இதைத்தான்க்கா கேட்டு வாங்குறாங்க, சட்டுனு கேக்கும்ல" என்றார் கவுன்டரில் இருந்த பையன். அவனைத் திட்டி என்ன பயன்? ஆனால் எனக்குக் கோபம் வந்தது உண்மை. வெளியே சொல்லக் கூச்சப்படும் பெண்கள்தான் இந்த ட்யூபிலேயே வருஷத்தை ஓட்டுகிறார்கள்.

மறுநாள் காலை அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராசாசி மருத்துவமனைக்கு, அழைத்துப் போனேன். கூட்டம் அதிகம், உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓ.பி. சீட்டுப் போட்ட அன்றே தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டோம். லண்டனில் தோல் நிபுணரைப் பார்க்க முதலில் ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவர் எழுதித் தர வேண்டும், பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பார்த்தது ஒரு பெண் மருத்துவர். திரைக்குப் பின்னால் அம்மாவை உட்கார வைத்து, "எத்தனை நாளா இருக்கும்மா, இதுவரை என்ன போட்டீங்க?" என்று கேட்டார். ட்யூபை நீட்டியதும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தனியாக வைத்தார். பிளேடின் மழுங்கிய பக்கத்தால் புண்ணின் ஓரத்தை லேசாகச் சுரண்டினார். அந்தத் துகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். தோல் செல்கள் கரைந்துவிடும், பூஞ்சை மட்டும் தெரியும். அதில் தெரிந்தது கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை.

பெரிய சிவப்புத் திட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகள் சிதறிக் கிடந்ததைக் காட்டி, அதுதான் கேண்டிடாவின் அடையாளம் என்றார். நம் ஊரில் எல்லாவற்றையும் படர்தாமரை என்கிறோம். படர்தாமரை வேறு பூஞ்சை, வட்டமாக ஓரம் தடித்து வரும். தேமலுக்குக் காரணம் இன்னொரு ஈஸ்ட். டெர்பினஃபின் படர்தாமரைக்கு நன்றாகக் கேட்கும், கேண்டிடாவுக்கு அவ்வளவாகக் கேட்காது. அம்மாவின் ட்யூபில் இருந்த பூஞ்சை மருந்தே அவருடைய பூஞ்சைக்குப் பொருத்தமில்லாதது. மடிப்பில் தோல் மெலிந்து கோடு கோடாக இருந்ததையும் காட்டினார். ஸ்டீராய்டு விட்டுப்போன தடம் அது.

எழுதித் தந்தது வெறும் பூஞ்சை மருந்தான க்ளோட்ரிமசோல் 1 சதவீத க்ரீம். மருத்துவமனை மருந்தகத்திலேயே இலவசமாகக் கிடைத்தது. காலை, இரவு என இரண்டு வேளை. கழுவி, துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் முழுக்க உலர்ந்த பிறகு மெல்லிசாகத் தடவ வேண்டும். திட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியேயும் பூச வேண்டும். அரிப்பு நின்றாலும், பார்வைக்குச் சரியாகிவிட்டாலும், மேலும் இரண்டு வாரம் தொடர வேண்டும். நம் ஆட்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். ரவிக்கை பருத்தியாக இருக்கட்டும், வியர்த்தால் மாற்றிவிடுங்கள் என்றார். அன்றே சர்க்கரைக்கும் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்த க்ரீம் போட்டாலும் இது திரும்ப வரும்.

அடுத்த ட்யூபை மக்கள் மருந்தகத்தில் வாங்கினோம், விலை மிகக் குறைவு. வெளிக் கடையில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். க்ளோட்ரிமசோல், க்ளோபெட்டசால் இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே மூன்று எழுத்தில் தொடங்கும், கண்ணாடி போடாத கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒரே பிராண்டில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து கூடினால் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கக்கூடும். சேர்மானத்தில் க்ளோட்ரிமசோல் மட்டும் இருக்கிறதா என்று கடையிலேயே படித்துவிட்டு வாங்குங்கள். பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் போல 'சோன்' என்று முடியும் பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டீராய்டை நிறுத்திய முதல் சில நாட்கள் அம்மாவுக்கு அரிப்பு கூடியது. பழைய ட்யூபை எடுக்கக் கை போனது. மருத்துவர் இதை முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டார். நான் கிளம்பும்போது ஈரமும் சிவப்பும் போய்விட்டன, கருமை மட்டும் மிச்சம். அது மறையச் சில மாதம் ஆகும், அதற்கென்று தனியாக எதுவும் பூச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அத்தையையும் தோல் ஓ.பி.க்குக் கூட்டிப் போவதாக அம்மா சொன்னார்.