மதர்போர்டு மாற்றியபின் சூடேறுகிறதா? பழியைச் செயலி (ப்ராசஸர்) மேல் போடுபவர்களை நம்பிவிடாதீர்கள்

பழுதான மதர்போர்டை மாற்றுவதற்காக ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்திருந்த என் கணினி, திரும்பி வந்ததிலிருந்து சும்மா இருக்கும்போதே 70 டிகிரி செல்சியஸைக் காட்டியது. கொஞ்சம் கனமான வேலை கொடுத்தால் சில நொடிகளில் 100 டிகிரியைத் தொட்டு, வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொண்டது. இதே ஐ7-10700 செயலி, அதைக் குளிர்விக்கும் இதே கூலருடன், பழைய போர்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்று எடுத்துச் சொல்லியும் அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், "செயலி போய்விட்டது, புதிது வாங்குங்கள், இல்லையென்றால் திரவத்தால் குளிர்விக்கும் லிக்விட் கூலர் போட வேண்டும்" என்றார்கள்.

பழுதான செயலி பெரும்பாலும் கணினியைப் பாதியில் அப்படியே நின்றுபோக வைக்கும், அல்லது இயங்கவே விடாது. போர்டு மாற்றிய கையோடு சூடு மட்டும் ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கூலர் பொருத்தப்பட்ட விதத்தைத்தான். திறந்து பார்த்தபோது, கூலரைப் போர்டோடு பிணைக்கும் நான்கு புஷ் பின்களில் ஒன்று துளைக்குள் முழுதாக இறங்காமல் நின்றிருந்தது. அந்த மூலையை விரலால் தொட்டாலே கூலர் ஆடியது. கழற்றினால், அடியில், செயலியின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. பில்லில் மட்டும் புதிய பேஸ்டுக்குத் தனிக் கட்டணம்! ஃபேன் ஒயரையாவது உரிய இடத்தில் செருகியிருந்தார்கள், அந்த மட்டில் சரி.

பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதிதாக வைத்து, பின்களை எதிரெதிர் மூலைகளாக 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தியதும், சும்மா இருக்கும்போதைய வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இறங்கியது. ஆனால் வேலை கொடுத்தால் இன்னமும் 90-ஐத் தாண்டியது. போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனபோதுதான் காரணம் தெரிந்தது: இன்டெல் இந்தச் செயலிக்கு வகுத்திருக்கும் மின் பயன்பாட்டு அளவு தொடர்ச்சியாக 65 வாட், அதிகபட்சம் 28 விநாடிகளுக்கு 224 வாட், புதிய போர்டிலோ இரண்டுமே 4095 வாட் என்று, அதாவது வரம்பே இல்லாமல், வைக்கப்பட்டிருந்தன. பல போர்டுகள் இப்படித்தான் வருகின்றன என்பதால், கூலருக்கு ஏற்றபடி அதை மாற்றித் தருவதும் பொருத்துபவரின் வேலையே. இன்டெல் அளவுகளை இட்டபின், முழுச் சுமையிலும் 75 டிகிரிக்கு மேல் போகவில்லை.

படங்களோடு முறையிட்டேன், பேஸ்டுக்கு வாங்கிய பணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். செயலியை மாற்றச் சொன்னது "வெறும் பரிந்துரைதான்" என்றார்கள். போர்டு மாற்றக் கொடுப்பவர்கள், கணினியைத் திரும்ப வாங்கும் முன் அங்கேயே சுமை கொடுத்து ஓட்டச் சொல்லி, சும்மா இருக்கும்போதும் சுமையின்போதும் உள்ள வெப்பத்தைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.