சீட்டு கேட்டா ஒன் ஸ்டாரா?

எங்க தெரு முனையில இருக்குற மெடிக்கலோட ரிவ்யூ பக்கத்த பாத்தா சிரிப்புதான் வருது, ஒன் ஸ்டார் போட்டவங்கள்ல பாதிப் பேரு சொல்றது ஒரே புகார்தான், டாக்டர் சீட்டு இல்லாம மாத்திரை தர மாட்டேங்குறாங்களாம். நான் அஞ்சு ஸ்டார் போடுறதே அதுக்குத்தான்.

கடை போர்டுல "டிரக்ஸ் அண்ட் சர்ஜிகல்ஸ்"னு பழைய பெயிண்ட்ல இருக்கும், காலேஜ் பசங்க அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்து கெக்கேபிக்கேன்னு சிரிக்கிறானுங்க. டேய், 1940-ல வந்த சட்டத்துக்கே டிரக்ஸ் அண்ட் காஸ்மெடிக்ஸ் ஆக்ட்னுதான்டா பேரு, காய்ச்சல் மாத்திரையும் அதுல டிரக்ஸ்தான். ஆனா அவனுங்க நெனச்சு சிரிக்கிற டிரக்ஸும் சில நேரம் மெடிக்கல் ரேக்குலேந்துதான் போகுது, டேபென்டடால்னு கடுமையான வலிக்கு எழுதிக்குடுக்குற மாத்திரை, அத போதைக்கு வித்து போலீஸ்ல மாட்டுனதா எத்தனவாட்டி நியூஸ்ல வந்துருச்சு.

போனவாரம் நான் நிக்கும்போதே ஒருத்தர் போன்ல சீட்டு போட்டோவ காட்டி அல்பிரசோலம்னு பதட்டத்துக்கு எழுதிக்குடுக்குற மாத்திரைய கேட்டாரு. கடைக்காரர் ரெண்டு வெரலால பெருசு பண்ணிப் பாத்துட்டு, "சார், இது போன வருஷ தேதி, புதுசா எழுதி வாங்கிட்டு வாங்க"ன்னாரு. அவ்ளோதான், மனுஷன் என்னமோ திட்டிட்டு வண்டிய எடுத்தாரு, அடுத்த ஒன் ஸ்டார் அவருதான்னு நெனைக்கிறேன். அந்த மாத்திரையெல்லாம் ஷெட்யூல் எச்1, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்துங்களோட ஒரு லிஸ்ட், 2014 மார்ச்லேந்து அதுக்குன்னு தனி ரெஜிஸ்டர் போட்டு டாக்டர் பேரு, பேஷண்ட் பேரு, எத்தன மாத்திரைன்னு எழுதி 3 வருஷம் வச்சிருக்கணும்னு ரூல், கோடீன் இருக்குற இருமல் சிரப்பு, சில ஆன்டிபயாடிக் எல்லாம் கூட இதே லிஸ்ட்தான். இவரு நெஜமாவே எழுதுறாரு, சீட்டுல தேதியோட கடை சீல் குத்திதான் திருப்பித் தராரு.

அட்டைய வெட்டிக் குடுத்தாலும் எக்ஸ்பைரி தேதி இருக்குற துண்டு நம்ம கையில வர்ற மாதிரிதான் வெட்டுவாரு. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை கவர் மேல காலையில ஒண்ணு, நைட்டு ஒண்ணுன்னு கொட்ட எழுத்துல தமிழ்ல எழுதித் தருவாரு, அதனால அம்மா என்ன எதிர்பாக்காம அவங்களே பாத்து போட்டுக்குறாங்க. ஜெனரிக், அதாவது அதே மருந்து பிராண்ட் பேரு இல்லாம வர்றது, இருக்கான்னு நாம கேட்டா மூஞ்ச சுளிக்காம எடுத்துக் காட்டுறாரு, நாம கேட்காம அவரா சொல்றதில்ல, அது எனக்கு கொஞ்சம் வருத்தம்தான்.

மத்தபடி பார்க்கிங் சுத்தமா கெடையாது, சாயங்காலம் பக்கத்து கிளினிக் கூட்டம் மொத்தமும் இங்கதான் வந்து நிக்கும், கவுண்டர்ல ஆளு ஒருத்தர்தான். ஞாயித்துக்கெழம மதியத்தோட மூடிருவாங்க, இன்சுலின் வாங்குறவங்க சனிக்கெழமையே போயிருங்க, கேட்டா ஐஸ் பேக் வச்சுத் தருவாங்க.