மலிவு ப்ளைவுட் டபுள் பாஸ்: குமரிக் காற்றுக்குத் தாங்கும், ஆனால் அப்படியே வாசிக்க முடியாது

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஜாஸ் இசைக்கு டபுள் பாஸ் (நின்றபடி வாசிக்கும் ஆளுயர வயலின் மாதிரியான வாத்தியம், சுருக்கமாக பாஸ்) பழக நினைப்பவர்கள் கைக்கு எட்டுவது, ஆன்லைனில் வரும் பெயரில்லாத 3/4 அளவு ப்ளைவுட் பாஸ்தான். வாங்கலாம். முழு மரத்தில் செய்தது கிடைத்தாலும் இந்த மாவட்டத்துக்கு அது தேவையில்லை. இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஈரத்தில் மரம் ஊதும், மாசி பங்குனியில் காய்ந்து சுருங்கும். முழு மரப் பலகை அப்போதுதான் வெடிக்கும். ப்ளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் வெடிப்பு அபூர்வம். ப்ளைவுட் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். சிகாகோவின் கே நிறுவனம் 1930களின் இறுதியிலிருந்து செய்த ப்ளைவுட் பாஸ்களை அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் பலர் பல்லாண்டு வாசித்தார்கள்.

பெட்டியைப் பிரித்ததும் ஏமாற்றம் வரும். தந்திகள் ஃபிங்கர்போர்டு (விரல் அழுத்தும் பலகை) முனையில் 12 மி.மீ. வரை உயர்ந்து நிற்கும்; கால் மணி நேரத்தில் இடது கை மரத்துப் போகும். விரலால் மீட்டும் ஜாஸுக்கு மெல்லிய ஜி தந்தி 5 முதல் 6, தடித்த ஈ தந்தி 8 முதல் 9 மி.மீ. போதும். முனையில் 4 மி.மீ. குறைய தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜின் தலையில் சுமார் 5 மி.மீ. சீவ வேண்டும். அதற்கு முன் பிரிட்ஜின் கால்கள் மேற்பலகையின் வளைவில் முழுதாகப் படிகின்றனவா பாருங்கள். பெரும்பாலும் படியாது. 120 நம்பர் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்குமாறு பாஸின் மேற்பலகையிலேயே பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் ஒட்டி, பிரிட்ஜை நிமிர்த்திப் பிடித்து அதன்மேல் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும், பிறகு 220. தாளை அட்டையில் வைத்துத் தேய்த்தால் கால் தட்டையாகிவிடும், சத்தம் பாதி போய்விடும்.

இந்த வேலையை நல்ல ஆசாரி ஒருவர் அழகாகச் செய்வார். பாஸுக்குள்ளே நிற்கும் மரக்குச்சியான சவுண்ட் போஸ்டை மட்டும் அவரிடம் விடாதீர்கள். அது ஒட்டாமல், பிரிட்ஜின் ஜி பக்கக் காலுக்குச் சற்றுக் கீழே, மேல் கீழ்ப் பலகைகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் விழக்கூடும். பிரிட்ஜைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் பாஸை மல்லாக்கப் படுக்க வைத்து, ஆட்டாமல் வேலை செய்யுங்கள். விளிம்பு பிரிந்தால் வெள்ளைப் பசையும் கூடாது. அடுத்த முறை திறக்கும்போது மரத்தையே பிய்த்துக்கொண்டு வரும். விலங்குத் தோலில் காய்ச்சிய தோல் பசைதான் சரி.

கூட வரும் தந்திகள் தண்டம். 1939ல் டியூக் எல்லிங்டனின் ஜாஸ் குழுவில் சேர்ந்து பாஸைத் தனி வாசிப்புக்கு உயர்த்திய ஜிம்மி பிளாண்டன் காலத்தில் விலங்குக் குடலைத் திரித்துச் செய்த குடல் தந்திதான் வழக்கம். அந்தப் பழைய தொனிக்கு ஆசைப்பட்டு இங்கே குடல் தந்தி போட்டால், மழைக்காலத்தில் சுருதி நிற்கவே நிற்காது. ஸ்பைரோகோர் போன்ற எஃகுத் தந்தி போடுங்கள். புதியவர்களுக்கு இழுவிசை குறைந்த 'வைக்' வகை. ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சுருதி ஏற்றும்போது பிரிட்ஜ் தலை ஃபிங்கர்போர்டு பக்கம் சாயும்; சாயச் சாய நிமிர்த்தாவிட்டால் வளைந்துவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று தந்தியையும் அதை முடுக்கும் பற்சக்கரங்களையும் அரிக்கும். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பற்சக்கரத்துக்கு அவ்வப்போது ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்.

மேடையில் பெரிய சிக்கல் பிக்கப், அதாவது பாஸின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கருவி. பீசோ வகைப் பிக்கப்பை நேரே மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் செருகினால் தகர டப்பா மாதிரி கேட்கும், ஏனென்றால் அந்த உள்ளீட்டின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) வெறும் பத்து கிலோ ஓம் அளவுதான். குறைந்தது 1 மெகா ஓம் உள்ளீடு கொண்ட ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்கும் சிறு பெட்டி) நடுவில் வேண்டும். ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டிவிடும்படி சவுண்ட்காரரிடம் சொன்னால் சர்ச் ஹால்களில் வரும் குமுறல் அடங்கும்.

கூட வரும் வில் சுமார்தான், இந்தப் பாஸும் வில்லுக்கு மந்தமாகவே பேசும். சுருதி சுத்தத்துக்குப் பழக மட்டும் வைத்துக்கொள்ளலாம். வில் முடியில் தேய்க்கும் பிசினான ரோசினில் வயலின் ரோசின் பிடிக்காது, பாஸ் ரோசின் தனியாக வாங்க வேண்டும். அது மென்மையானது, சித்திரை வெயிலில் காருக்குள் விட்டால் உருகி உறையெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.