வடலூர் தருமசாலை: ஒரு மீன் வண்டிக்காரனின் மதிப்பீடு

கடலூர் துறைமுகத்தில் மீன் ஏற்றி நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் கொண்டுபோய் இறக்குவது என் பிழைப்பு. குட்டி யானை வண்டி. வாரத்தில் நாலு நாள் வடலூரைத் தாண்டித்தான் போகிறேன். ஆனாலும் அங்கே பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் தொடங்கிய தருமசாலையையோ, ஜோதி தரிசனத்துக்கு அவர் அமைத்த சத்திய ஞான சபையையோ பதினோரு வருடமாக உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. சபைக்குள் கொலை, புலை (புலால்) தவிர்த்தவர்கள் மட்டும்தான் போகலாம் என்று வாசலில் எழுதியிருக்கும். மீனை விற்று மீனையே தின்கிறவன் எந்த முகத்தோடு போவது?

போன மாதம் திரும்பி வரும்போது நான்கு முனைச் சந்திப்பில் வண்டி படுத்துவிட்டது. மெக்கானிக் பையன், "ரெண்டு மணி நேரம் ஆகும்ணே, தருமசாலைல போய் சாப்ட்டு வாங்க" என்றான். "நான் மீன்காரன்பா" என்றேன். "அது சபைக்கு. சோத்துக்கு அதெல்லாம் இல்ல."

போனேன். சட்டையில் வாடை அடித்ததால் பந்தியின் ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு பக்கம் துணி மூட்டையோடு ஒரு பெரியவர், இன்னொரு பக்கம் காரில் வந்த குடும்பம். சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல். வீட்டுச் சாப்பாட்டு ருசி. கல்யாண விருந்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பரிமாறியவர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று: "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" பெரியவர் மூன்று முறை வாங்கினார், மூன்றாவது முறையும் அதே முகத்தோடுதான் போட்டார்கள். பெயர் சொல்ல விரும்பாத வேறொரு ஊர்க் கோயிலில் அன்னதானத்துக்கு டோக்கன் வாங்கி வெயிலில் நின்றிருக்கிறேன். நன்கொடை கொடுத்தவர்களுக்கு அங்கே தனி மேசை. அது நினைவுக்கு வந்தது.

சாப்பிட்டு முடித்து அடுப்பைப் பார்த்தேன். 21 அடி நீளம். 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய நெருப்பு, இன்றுவரை அணையவிடாமல் காத்து வருகிறார்கள். அதற்கு முந்தின வருடம்தான் கிழக்குக் கடற்கரையைப் பஞ்சம் வாட்டியது. இங்கேயுள்ள பார்வதிபுரம் ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் சுமார் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சபை திறந்தது 1872 தைப்பூசத்தில். அதாவது சோறு போட ஆரம்பித்து நாலரை வருடம் கழித்துத்தான் ஜோதி தரிசனம். எனக்கு அந்த வரிசை பிடித்திருக்கிறது. பசி என்பது ஏழை உடம்பில் பற்றி எரியும் நெருப்பு, அதை ஆகாரத்தால் அணைப்பதுதான் ஜீவகாருண்யம் என்கிறார் அவர். அதையே மோட்ச வீட்டின் திறவுகோல் என்றும் சொல்லிவிட்டார். அப்போ தவம் என்று தனியாக ஒன்று வேண்டாமா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. சரி, அதைப் படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கத்தைப் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். பசித்தவரிடம் தேசம், சமயம், சாதி, செய்கை என்று எதையும் விசாரிக்கக் கூடாதாம். "செய்கை"யில் அவளை நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னேன். மெக்கானிக் பையன் சொன்னது இதைத்தான்.

புலால் விஷயத்தில் வள்ளலாரோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. கடலோரத்தில் பிறந்தவனுக்கு அது முடியாது. சபைக்குள் இன்றும் நான் போகவில்லை, வெளியே பெருவெளியில் நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு.

இலவசச் சோற்றுக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று தெரியவில்லை, ஐந்தும் போட்டிருக்கிறேன். தைப்பூசத்தன்று சபையில் ஜோதியை மறைக்கும் ஏழு திரையும் விலகும், கூட்டம் அலைமோதும். வண்டியை ஊருக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். அமைதியாகச் சாப்பிட வேண்டுமென்றால் சாதாரண நாளில் போங்கள். காய்கறி, அரிசி கொண்டுபோனால் நல்லது. போன வாரம் வண்டியை பிளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு தடவை கழுவி, ரெண்டு மூட்டை கத்திரிக்காய் ஏற்றிப் போனேன். இறக்கியவர் மூக்கைச் சுளிக்கவில்லை, "சாப்பிட்டுப் போங்க" என்றார்.